எஞ்சினியரின் அப்பா டாக்டர்

பார்சிகளின் ஆங்கிலக் குடும்பப் பெயர்கள்: தொழில் போயும் பெயர் நின்றது, இப்போது குறைவது ஆள்தான்

1967 ஜனவரி. சேப்பாக்கம் மைதானம். ஹாலும் கிரிஃபித்தும் சோபர்சும் கிப்ஸும் மாறி மாறிப் பந்துவீச, இந்தியாவின் தொடக்க ஆட்டக்காரர் உணவு இடைவேளைக்குள் 94 ரன் குவித்துவிட்டார். இன்னும் ஆறு ரன் எடுத்திருந்தால் டெஸ்ட் போட்டியின் முதல் நாள் பகலுணவுக்கு முன்பே சதமடித்த முதல் இந்தியர் ஆகியிருப்பார். (அந்தப் பெருமை 2018இல்தான் ஷிகர் தவனுக்கு வாய்த்தது.) ஸ்கோர் பலகையில் அவர் பெயர் எஞ்சினியர்.

ஃபரூக் எஞ்சினியர் பாலம் கட்டியவர் அல்ல. அவர் தந்தை மானெக்ஷாவும் அல்ல, அவர் மருத்துவர். டாக்டர் எஞ்சினியர்!

இந்தியா அதற்குள் இதற்குப் பழகிவிட்டிருந்தது. 1961இல் நாட்டின் கிரிக்கெட் அணிக்குக் கேப்டன் ஒரு கான்ட்ராக்டர். விமானப்படைக்குத் தலைவர், ஏர் மார்ஷல் ஆஸ்பி எஞ்சினியர். அந்த ஆண்டு டிசம்பரில் கான்பூர் டெஸ்டில் நாரி கான்ட்ராக்டரின் அணியில் ஃபரூக் எஞ்சினியர் முதல்முறையாக ஆடினார். கட்டுமானக் கம்பெனிக்கு ஆள் எடுத்த மாதிரி இருந்திருக்கும்.

மேற்கு இந்தியாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்தப் பெயர்கள் சிரிப்பை வரவழைக்கும். டாக்டர், மாஸ்டர், டிரைவர், டர்னர், பிரின்டர், டிரெஷரர், பேமாஸ்டர் எல்லாமே பார்சிக் குடும்பப் பெயர்கள்தான். குஜராத்தின் வரலாற்றை விரிவாக எழுதிய பேராசிரியரின் பெயர் கமிசாரியட்: ராணுவத்துக்கு உணவும் தீவனமும் வாங்கித் தரும் துறை. ஆங்கிலச் சொல்லோடு குஜராத்தி 'வாலா' ஒட்டிக்கொண்டால் பாட்லிவாலா, ஸ்க்ரூவாலா. வேடிக்கைக்கு எப்போதும் உதாரணம் காட்டப்படுவது சோடாபாட்டில்ஓப்பனர்வாலா. 2013இல் அந்தப் பெயரில் ஒரு உணவகமே திறந்தார்கள்.

ஆனால் இனிஷியலோடு வாழும் தமிழர்கள் அவசரப்பட்டுச் சிரிக்க வேண்டாம். ஈரானிலிருந்து குஜராத் கடற்கரைக்கு வந்து பல நூற்றாண்டுகள் பார்சிகளும் அப்படித்தான் இருந்தார்கள். தன் பெயர், அடுத்து அப்பா பெயர். அவ்வளவுதான். ஜாம்செட்ஜி ஜீஜீபாய் என்றால் ஜீஜீபாயின் மகன் ஜாம்செட்ஜி.

மாற்றம் பம்பாயில் வந்தது. 1668இல் ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகைக்கு அந்தத் தீவுகளைப் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி, கப்பல் கட்டவும் சரக்குப் பிடிக்கவும் தரகு பேசவும் ஆட்களைத் தேடியது. சூரத்திலிருந்தும் நவ்சாரியிலிருந்தும் பார்சிகள் வந்தார்கள். 1736இல் வந்த லவ்ஜி நசர்வான்ஜி கப்பல் கட்டுபவர். அதற்கான குஜராத்திச் சொல்லே வாடியா என்று அவர் குடும்பத்துக்குப் பெயரானது. நானி பல்கிவாலாவின் முன்னோர் பல்லக்கு செய்தவர்கள். ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டவர்களும் உண்டு. பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியின் இயற்பெயரான ஃபரூக் பல்சாராவில் இருப்பது புல்சார், அதாவது இன்றைய வல்சாட்.

வெள்ளைக்காரனின் கணக்குப் புத்தகத்தில் ஐம்பது ஜாம்செட்ஜிகள் இருந்தால் எந்த ஜாம்செட்ஜி என்ற கேள்வி வரத்தான் செய்யும். ஆபீஸ், பள்ளிக்கூடம், கோர்ட் எல்லாம் குடும்பப் பெயர் கேட்டன. தொழில் ஆங்கிலேயனோடு என்பதால் பெயரும் ஆங்கிலத்தில் அமைந்தது. ஸ்மித், டெய்லர், கூப்பர் என்று இங்கிலாந்தின் கொல்லரும் தையற்காரரும் பீப்பாய் செய்பவரும் 14ஆம் நூற்றாண்டை ஒட்டிப் பெற்றதைப் பம்பாய் சுமார் ஐநூறு ஆண்டு கழித்துச் செய்தது. 1937இல் பம்பாய் மாகாணத்தின் முதல் பிரதமராக இருந்த பார்சியின் பெயரும் கூப்பர், தன்ஜிஷா கூப்பர்.

இந்தப் பெயர்களில் எவரையும் கவருவது ரெடிமணி. 18ஆம் நூற்றாண்டில் நவ்சாரியிலிருந்து வந்து சீன வணிகத்தில் இறங்கிய குடும்பம் அது. கேட்டபோது கையில் ரொக்கம் இருக்கும். அதுவே பட்டப்பெயராகி நிலைத்தது. 1812இல் பிறந்த கவாஸ்ஜி ஜஹாங்கீர் ரெடிமணி 15 வயதில் கிடங்குக் குமாஸ்தாவாகத் தொடங்கிப் பெரும் பணக்காரரானார். 1866இல் அரசாங்கம் அவரை வருமான வரிக் கமிஷனராக்கியது. வரி புதிது, மக்களுக்குப் பிடிக்காதது. ரெடிமணி வசூலித்துக் காட்டினார். நிறையக் கொடுத்தும் இருக்கிறார்: மும்பைப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு மண்டபம் அவர் பணத்தில் எழுந்தது. லண்டன் ரீஜன்ட்ஸ் பூங்காவில் 1869இல் நிறுவிய குடிநீர் ஊற்று இன்றும் ரெடிமணி ஊற்றுதான். குடும்பமோ அந்தப் பெயரைக் கைவிட்டது. பின்வந்தவர்கள் ஜஹாங்கீர் ஆனார்கள். மும்பையின் ஜஹாங்கீர் கலைக்கூடம் அவர்கள் கொடை. பணக்காரர் ஆனபின் பணம் என்ற பெயர் உறுத்தியதோ என்னவோ.

எல்லோரும் அப்படி உதறவில்லை. குள்ளமாக இருந்த நசர்வான்ஜி என்ற ஏஜென்ட்டைப் பிரெஞ்சு வியாபாரிகள் 'பெட்டிட்' (சின்னவர்) என்று அழைத்தார்கள். ஆலை முதலாளிகளாகி பேரனெட் பட்டம் பெற்ற பின்னும் குடும்பத்தின் பெயர் பெட்டிட்தான். 1918இல் முகமது அலி ஜின்னாவை மணந்த ரத்தன்பாய் அந்த வீட்டுப் பெண். காலி பாட்டில் வியாபாரத்தால் பாட்லிவாலா ஆன குடும்பத்தோடு சேர்த்து அறியப்பட்ட ஜாம்செட்ஜி ஜீஜீபாய், அபினும் பஞ்சும் அனுப்பிச் சம்பாதித்து 1857இல் பேரனெட் ஆனார். 1860இல் ஒரு தனிச்சட்டமே இயற்றி, பட்டத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் தன் பெயரை விட்டு 'ஜாம்செட்ஜி ஜீஜீபாய்' ஆகவேண்டும் என்று விதித்தார்கள். மகன் கர்செட்ஜி அப்படியே ஆனார்.

இப்பெயர்கள் பார்சிகளுக்கு மட்டும் சொந்தமல்ல. போரா சீர்திருத்தவாதி அஸ்கர் அலி எஞ்சினியர் முஸ்லிம். படிப்பாலும் எஞ்சினியர் என்பது அபூர்வப் பொருத்தம். கிரிக்கெட் வீரர் விஜய் மெர்ச்சன்ட் இந்து. குடும்பப் பெயர் தாக்கர்சி. பள்ளியில் ஆங்கிலேயத் தலைமையாசிரியை பெயரும் குடும்பத் தொழிலும் கேட்க, சிறுவன் சொன்ன 'மெர்ச்சன்ட்' பெயராகப் பதிவாகி ஆயுள் முழுக்க நின்றது.

நாட்டின் பிற பகுதிகளில் தொழிலைச் சொல்லும் பெயர் சாதியையும் சொல்லிவிடும். டிரைவரும் டாக்டரும் பார்சிகளுக்குள் உயர்வு தாழ்வு காட்டுவதில்லை. ஆனால் வேறொரு வேலியை இந்தப் பெயர் காவல் காக்கிறது.

பெயர் தந்தை வழியே போகிறது. சமூக உரிமையும் அப்படியே. 1908இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் டாவர், பீமன் என்ற இரு நீதிபதிகள் விசாரித்த வழக்கில் வாதி ஒரு பெட்டிட், பிரதிவாதி ஒரு ஜாம்செட்ஜி ஜீஜீபாய். ஆர்.டி. டாடாவின் பிரெஞ்சு மனைவி மதம் மாறியதை ஒட்டி எழுந்த தகராறு அது. பார்சித் தந்தைக்கும் வேற்றினத் தாய்க்கும் பிறந்து முறைப்படி மதத்தில் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் பார்சிகள் என்றது தீர்ப்பு. தாய் பார்சி, தந்தை வேறு என்றால் இடமில்லை. எஞ்சினியர் வீட்டு மகன் யாரை மணந்தாலும் குழந்தை எஞ்சினியர், பார்சியும்கூட. மகள் வெளியே மணந்தால் குழந்தைக்குப் பெயரும் இல்லை, அக்னி ஆலயமும் இல்லை.

இந்தக் கண்டிப்பைத் தாங்கும் எண்ணிக்கையில் அவர்கள் இல்லை. 1941இல் 1,14,890 பேர். 2001இல் 69,601. 2011 கணக்கெடுப்பில் 57,264. தாமதத் திருமணம், திருமணமே வேண்டாம் என்பது, வெளிநாட்டுக் குடியேற்றம் எல்லாம் சேர்ந்த கணக்கு இது. 2013இல் மத்திய அரசு 'ஜியோ பார்சி' என்று திட்டம் போட்டுப் பிள்ளை பெற உதவ முன்வந்தது. மகள்களின் பிள்ளைகளைக் கணக்கில் சேர்ப்பது பற்றி அரசு எதுவும் சொல்ல முடியாது.

கேட்டவர் ஒரு மகள். இந்துவை மணந்த வல்சாட் பார்சிப் பெண் ஒருவர், பெற்றோரின் இறுதிச் சடங்கில் கலந்துகொள்ளும் உரிமை கோரி நீதிமன்றம் போனார். கல்யாணத்தோடு கணவரின் மதத்தில் சேர்ந்துவிட்டதாகவே கருத வேண்டும் என்று 2012இல் குஜராத் உயர் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வந்ததும், 2017 டிசம்பரில் வல்சாட் பார்சி அஞ்சுமன் இறங்கிவந்து சடங்குகளுக்கு அனுமதிக்கச் சம்மதித்தது. 2019இல் சபரிமலை மறுஆய்வைக் கேட்ட அமர்வு, திருமணத்தால் ஒரு பார்சிப் பெண் தன் ஆலயத்தை இழப்பாரா என்ற கேள்வியையும் பெரிய அமர்வுக்கான பட்டியலில் சேர்த்தது.