குதித்து ஆடுவதா, உட்கார்ந்து ஆடுவதா?

பெங்களூரில் வேலை பார்க்கும் என் தம்பி, தான் வைத்திருந்த பழைய டி.வி. விளையாட்டு மிஷினை, "மாப்பிள்ளைக்கு இருக்கட்டுங்க்கா" என்று போன கோடை லீவில் கொடுத்து விட்டுப் போனான். வந்தது வினை!

அதில் இரண்டு விதமாக ஆடலாம். ஒன்று, இரண்டு கையாலும் ஒரு கருவியைப் பிடித்துக்கொண்டு, கட்டை விரலால் பொத்தான்களை அழுத்தி ஆடுவது. 'கண்ட்ரோலர்' என்கிறார்கள் பிள்ளைகள். இன்னொன்றுக்குக் கையில் எதுவுமே வேண்டாம். டி.வி. பக்கத்தில் ஒரு காமிரா. நாம் குதித்தால் திரையில் உள்ள பொம்மையும் குதிக்கும். குனிந்தால் அதுவும் குனியும்.

என் மகனுக்கு வயது 12. கண்ட்ரோலரை எடுத்தால் கட்டிலே கதி. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் "இரும்மா, இரும்மா" என்பான். சோறு ஆறிப் போகும். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு கண்ட்ரோலரையும் அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்தேன். "குதித்து ஆடுவதானால் ஆடு, இல்லாவிட்டால் டி.வி.யை மூடு" என்று சட்டமும் போட்டேன்.

அடடா, அந்த ஒரு வாரம்! பிள்ளை வேர்த்து விறுவிறுத்து இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டான். என் மாமியார் கூட எழுந்து நின்று, கையை வீசிப் பந்து உருட்டினார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அப்போது ராசிபுரத்திலிருந்து அக்கா மகன் பத்து நாள் தங்க வந்தான். 14 வயது. சிறு வயதிலிருந்தே இடது காலில் பலம் இல்லை, ஊன்றுகோலுடன்தான் நடப்பான். "வாண்ணா ஆடலாம்" என்று இவன் கூப்பிட்டான். அந்த ஆட்டத்துக்கோ பக்கவாட்டில் தாவ வேண்டும், குதிக்க வேண்டும். ஒரு தடவை முயன்று பார்த்தவன், "நீ ஆடு, நான் பாக்கறேன்" என்று உட்கார்ந்து விட்டான். மறுநாள் பார்க்கவும் வரவில்லை. தனியாகத் திண்ணையில் இருந்தான்.

மாமியார்தான் என்னை அடுப்படிக்கு வந்து கேட்டார். "ஏம்மிணி, ஒளிச்சு வச்சியே, அதை எடுத்துக் குடு. அவனுக்குக் கை நல்லாத்தானே இருக்குது?"

சுருக்கென்றது எனக்கு. அரிசியைத் தட்டித் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கார் பந்தயத்தில் என் மகனை ஐந்து தடவை தோற்கடித்தான். அன்று ராத்திரி அவன் சிரித்த சிரிப்பை நான் மறக்கவே மாட்டேன்.

பிறகு தம்பியிடம் போனில் விவரமெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி 2006-ல் 'வீ' என்ற மிஷினைக் கொண்டு வந்ததாம். கையில் பிடித்த ரிமோட்டை மட்டை போல வீசினால் திரையில் பந்து பறக்கும். 10 கோடிக்கு மேல் விற்றது. ஆட்ட வேகத்தில் ரிமோட் கை நழுவி டி.வி.யில் மோதியதும் உண்டு. அதனால் அந்த வருஷம் டிசம்பரிலேயே மணிக்கட்டுக் கயிற்றைப் பலமாக்கி மாற்றித் தந்தார்கள். அதிலும் ஒரு தந்திரம் உண்டு. எழுந்து நின்று வீச வேண்டும் என்பதில்லை. கட்டிலில் சாய்ந்தபடி மணிக்கட்டைச் சுண்டினாலே போதும்!

2010-ல் மைக்ரோசாப்ட் கம்பெனியின் 'கினெக்ட்' காமிரா வந்தது. முதல் 60 நாளில் 80 லட்சம் விற்றது. ஆனால் ஒருவர் ஆட 6 அடி, இருவர் ஆட 8 அடி தள்ளி நிற்க வேண்டும். நம் கூடத்தில் கட்டிலும் மூட்டையும் போக அவ்வளவு இடம் ஏது? 2017-ல் அதன் தயாரிப்பையே நிறுத்தி விட்டார்கள். பொத்தான் கண்ட்ரோலரோ இன்றும் இருக்கிறது. அது இடமும் கேட்பதில்லை, காலும் கேட்பதில்லை.

நம் நாட்டிலும் இரண்டு விதமும் செய்து பார்த்திருக்கிறார்கள். 2009-ல் ஹைதராபாத்தில் 'தேசி அட்டா' என்ற பெயரில் கிட்டிப்புள், கபடியையெல்லாம் பொத்தானால் ஆடும்படி செய்தார்கள். 2012-ல் மும்பைக்காரர்கள் கையை வீசி ஆடும் தெருக் கிரிக்கெட்டைச் செய்தார்கள். 2018-ல் மைக்ரோசாப்ட், உடல் ஊனமுற்றவர்களுக்கென்றே பெரிய பொத்தான்கள் உள்ள கண்ட்ரோலரைக் கொண்டு வந்தது. முழங்கையாலும் காலாலும் கூட அதை அழுத்தலாம்.

ஆகவே சகோதரிகளே, எது உசத்தி என்று கேட்காதீர்கள். ஆடுகிற பிள்ளை யார் என்று பாருங்கள். குதித்து ஆடும்போது ஸ்டூல், ஊன்றுகோல், தண்ணீர்ச் சொம்பு எதுவும் காலடியில் இருக்கக் கூடாது. ஈரத் தரையில் ஆட விடாதீர்கள். உட்கார்ந்து ஆடினால் அரை மணிக்கு ஒரு முறை எழுப்பி, விரலையும் கழுத்தையும் நீட்டி மடக்கச் சொல்லுங்கள். 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் தினம் சராசரி 60 நிமிஷமாவது உடம்பை நன்றாக அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு எந்த மிஷினையும் முழுசாக நம்பக் கூடாது. சாயங்காலம் ஆனதும் டி.வி.யை அணைத்து, மகனைத் தெருவுக்கு விரட்டி விடுகிறேன்.

அக்கா மகன் பஸ் ஏறும்போது சொன்னான்: "அடுத்த லீவுக்கும் வர்றேன் சின்னம்மா. அரிசி டிரம்முல மட்டும் வச்சிராதீங்க!"