இரும்புக் கடல் – 14: கட்டிய நாடு காணாமல் போனபோது

பெரிய போர்க்கப்பல் ஒன்றை முழுக்க முழுக்க கேஸ் டர்பைனால் மட்டுமே ஓட்டலாம் என்று 1960களின் தொடக்கத்திலேயே நிரூபித்தவை சோவியத்தின் காஷின் வகை நாசகாரிகள். அந்தக் கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அவற்றை இந்தியாவுக்கென்று மாற்றியமைத்துக் கட்டியதுதான் ராஜ்புத் வகை. ராஜ்புத், ராணா, ரஞ்சித், ரண்வீர், ரண்விஜய் என மொத்தம் ஐந்து கப்பல்கள்.

ஐந்தும் உக்ரைனின் நிக்கோலாயெவ் நகரில் உருவானவை. மூத்தவளான ராஜ்புத், ஜார்ஜியாவின் போட்டி துறைமுகத்தில் 1980 மே 4 அன்று நமது கடற்படையில் சேர்ந்தாள். முதல் கேப்டன் ஹிரானந்தானி. பிற்காலத்தில் இந்தியக் கடற்படையின் வரலாற்றை எழுதியவர்.

அன்றைக்கு உக்ரைன், ஜார்ஜியா, ரஷ்யா எல்லாம் ஒரே நாடு. உதிரி பாகம் வேண்டுமென்றால் மாஸ்கோவிடம் கேட்டால் போதும், பணத்தையும் ரூபாய்க் கணக்கில் தீர்த்துக்கொள்ளலாம். திட்டமிட்ட பொருளாதாரம் என்பதால் பட்டியலை வெகு முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் சிரமம்.

1991 டிசம்பரில் அந்த நாடே இல்லாமல் போனது. கப்பல் தளமும் டர்பைன் தொழிற்சாலையும் உக்ரைனுக்குப் போயின. ஏவுகணை, ரேடார் ஆலைகள் பெரும்பாலும் ரஷ்யாவில் நின்றன. ரூபாய்க் கணக்கு போய் டாலர் வந்தது. அந்நியச் செலாவணி இல்லாமல் இந்தியா தங்கத்தை அடகு வைத்ததும் அதே வருடம்தான்!

கேஸ் டர்பைனை வைத்த இடத்திலேயே முழுதாகப் பழுதுபார்க்க முடியாது. இத்தனை மணி நேரம் ஓடியதென்றால் அப்படியே தூக்கி வெளியே எடுத்து, வேறொன்றை உள்ளே இறக்க வேண்டும். எடுத்ததை ஓவர்ஹாலுக்கு அனுப்ப வேண்டும். அதைச் செய்யும் ஆலை வெளிநாட்டில் இருந்தால், மாதக்கணக்கில் காத்திருப்பு. அவசரத்துக்கு, பஸ் டெப்போவில் நடப்பது போல, நிற்கும் கப்பலில் கழற்றி ஓடும் கப்பலில் மாட்டுவதும் உலகக் கடற்படைகள் எல்லாவற்றிலும் உள்ள வழக்கம். ஐந்தும் ஒரே குடும்பம் என்பது இங்கே கைகொடுக்கும். ஆனால் கழற்றிக் கழற்றி எத்தனை நாள் ஓட்டுவது?

விடை விசாகப்பட்டினத்தில் எழுந்தது. டர்பைன்களை இங்கேயே ஓவர்ஹால் செய்யும் ஐ.என்.எஸ். ஏக்சிலா 2000இல் தொடங்கியது. பழைய ஆயுதங்களுக்கு மாற்றும் கிடைத்தது. பிரமோஸ் ஏவுகணையைக் கப்பலிலிருந்து ஏவிச் சோதிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டவள் ராஜ்புத்தான்.

அவள் ஓய்வு பெற்றது 2021 மே 21இல். 41 ஆண்டுச் சேவையில், கட்டிய நாடு உயிரோடிருந்தது முதல் 11 ஆண்டுகள்தான்.

கதை அத்துடன் முடியவில்லை. 2014இல் கிரிமியாவை ரஷ்யா எடுத்துக்கொண்டதும், ரஷ்யப் போர்க்கப்பல்களுக்கு டர்பைன் தருவதை உக்ரைன் நிறுத்தியது. காலினின்கிராடில் பாதி கட்டிய கப்பல்கள் இன்ஜின் இல்லாமல் நின்றன. அவற்றுள் இரண்டை இந்தியா வாங்கியது. டர்பைன்களை உக்ரைனிடம் தனியாக வாங்கி ரஷ்யத் தளத்துக்கே அனுப்பியது! அப்படி உருவான ஐ.என்.எஸ். துஷில் 2024 டிசம்பர் 9 அன்று சேவைக்கு வந்தபோது, அந்த இரு நாடுகளும் முழு யுத்தத்தில் இருந்தன.

அந்தப் பேரம் எப்படிப் படிந்தது? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)