இரண்டு ஊர், ஒரே கணக்கு

பால்காரரிடம் ஒரு நோட்டு இருக்கும். பால் வாங்கும் வீட்டில் ஒரு காலண்டர் இருக்கும். அவர் நோட்டில் எழுதுவார். வீட்டில் காலண்டரில் குறிப்பார்கள். மாதக் கடைசியில் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒரு நாள் குறிக்க மறந்தால் போதும், தகராறுதான்.

கணினிகளுக்கும் இந்தத் தொல்லை உண்டு. ஒரே ஆளின் கணக்கை இரண்டு கணினிகள் பார்க்க வேண்டி வரும். ஒன்றில் மாறினால் மற்றதிலும் மாற வேண்டும். இதைக் கணக்கு ஒத்திசைவு என்பார்கள். ரேஷன் கடையில் இது தினமும் நடக்கிறது.

சூரத்தில் அப்பா, ஊரில் குடும்பம்

ஒடிசாவில் கஞ்சம் என்று ஒரு மாவட்டம். அங்கிருந்து பலர் குஜராத்தில் உள்ள சூரத்துக்குப் போகிறார்கள். விசைத்தறியில் வேலை செய்கிறார்கள். குடும்பம் ஊரில் இருக்கும். ரேஷன் அட்டையும் ஊரில்தான் பதிவாகியிருக்கும். அந்த அட்டைக்கு முன்பு சூரத்தில் ரேஷன் கிடைக்காது. வெளிக்கடையில் காசு கொடுத்துத்தான் அரிசி வாங்க வேண்டும்.

இதை மாற்ற ஒரு திட்டம் வந்தது. அதன் பெயர் "ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை". 2019 ஆகஸ்டில் நான்கு மாநிலங்களில் தொடங்கியது. 2022 ஜூனில் நாடு முழுவதும் பரவியது.

கணக்கு எப்படி ஓடுகிறது?

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-இல் வந்தது. இதன்படி முன்னுரிமை அட்டையில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் உண்டு. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், பாட்டி என்று ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 25 கிலோ.

கணவர் சூரத்தில் ரேஷன் கடைக்குப் போகிறார். அட்டை எண்ணைச் சொல்கிறார். இயந்திரத்தில் விரல் வைக்கிறார். "இந்த அட்டைக்கு இந்த மாதம் மீதி எவ்வளவு?" என்று இயந்திரம் கணினி வழியே கேட்கிறது. பதில் வருகிறது. அவர் 10 கிலோ வாங்குகிறார். உடனே அந்த 10 கிலோ அட்டையின் கணக்கில் கழிய வேண்டும். மீதி 15 கிலோவை மனைவி ஊரில் வாங்கலாம்.

கழியாவிட்டால் ஒரே தானியம் இரண்டு முறை போகும். தவறாக அதிகம் கழிந்தால், மனைவி வெறும் பையோடு வீடு திரும்புவார். அன்று அடுப்பு எரியாது.

ஆளை எப்படி அறிகிறது?

ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். ஒரே பெயரைப் பலவிதமாக எழுதுவார்கள். ஆகவே கணினி பெயரை மட்டும் நம்புவதில்லை. அட்டை எண்ணையும் 12 இலக்க ஆதார் எண்ணையும் பார்க்கிறது. அட்டையில் ஒருவருடைய ஆதார் எண் சேராமல் இருக்கலாம். அல்லது தவறாகச் சேர்ந்திருக்கலாம். அப்போது அவர் விரல் வைத்தாலும் கணினிக்கு அவரைத் தெரியாது. வேலைக்கு வெளியூர் போகும் முன்பே ஊர் ரேஷன் கடையில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கையில் ஒரு சீட்டு

தானியம் வாங்கியதும் இயந்திரம் ஒரு சீட்டுத் தரும். அதைக் கேட்டு வாங்க வேண்டும். எத்தனை கிலோ என்று படித்துப் பார்க்க வேண்டும். பையில் இருப்பதும் சீட்டில் இருப்பதும் ஒன்றுதானா? வித்தியாசம் இருந்தால் அங்கேயே கேட்க வேண்டும். எவ்வளவு வாங்கியது என்று வீட்டுக்கும் போனில் சொல்லிவிட வேண்டும்.

கடையில் குறை தீரவில்லையா? மாவட்டக் குறைதீர் அலுவலரிடம் புகார் தரலாம். அந்த உரிமையையும் 2013 சட்டமே தருகிறது. புகாரோடு சீட்டையும் காட்டலாம். கணினி தவறு செய்தாலும், அந்தச் சீட்டுச் சாட்சி சொல்லும்.