லேப்டாப்பைத் தலைமுழுகும் முன்...



குக்கரில் ஆவி பக்கவாட்டில் போனால் காஸ்கெட் மாற்றுகிறோம். மிக்ஸி ஜார் சுற்றவில்லை என்றால் அடியில் இருக்கும் கப்ளரை மாற்றுகிறோம். கிரைண்டருக்கு பெல்ட் தேய்ந்தால் புது பெல்ட் போடுகிறோம். இதற்காக யாரும் புதுக் குக்கரோ, புது மிக்ஸியோ வாங்கிவிடுவதில்லை. ஆனால், லேப்டாப் கொஞ்சம் மெதுவாகிவிட்டால் போதும், "இது அவ்வளவுதான், தலைமுழுகிட்டு புதுசு வாங்கு" என்று வீட்டிலும் சொல்கிறார்கள், கடையிலும் சொல்கிறார்கள். நாமும் நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று தவணையில் மாட்டிக் கொள்கிறோம்.

லேப்டாப்பும் பல பாகங்கள் சேர்ந்த ஒரு சாமான்தான். எது தேய்ந்தது என்று பார்த்து மாற்றினால் இன்னும் சில வருடம் உழைக்கும். அதே சமயம், எந்த இடத்தில் 'போதும்' என்று நிறுத்துவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டு முடிவையும் நான் எடுத்திருக்கிறேன். மற்ற சகோதரிகளுக்கும் உதவுமே என்றுதான் எழுதுகிறேன்.

வீட்டில் இருந்தபடியே மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். மாதம் 9,000 ரூபாய் வருகிறது. பெண்ணின் காலேஜ் பஸ் கட்டணமும், பையனின் டியூஷன் பணமும் இதில்தான் ஓடுகிறது. 2017-ல் சீட்டு எடுத்து வாங்கிய லேப்டாப்தான் எனக்குத் தொழில் கருவி. 2023-ல் அது படுத்த ஆரம்பித்தது. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு, வாசல் தெளித்து, கோலம் போட்டு, பாலைக் காய்ச்சிவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக் கொண்டிருக்கும். சார்ஜர் பின்னைப் பிடுங்கினால் உடனே அணைந்துவிடும். மாதம் 20-ம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்ய வேண்டும். 19-ம் தேதி ராத்திரி எல்லாம் எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும்.

என் கணவரிடம் சொன்னேன். "வண்டி டியூ முடியவே இன்னும் ஆறு மாசம் இருக்கு. நாப்பதாயிரத்துக்கு எங்க போறது? பேசாம இந்த வேலையை விட்டுடேன்" என்றார். கோபத்தில் சொல்லவில்லை, கணக்குப் போட்டுத்தான் சொன்னார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. ஒரு சாமான் பழசானதற்காக நான் சம்பாதிப்பதையே விடுவதா?

ஒரு பெரிய கடைக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த பையன் மூடியைக் கூடத் திறக்கவில்லை. "ஆறு வருஷ மெஷின்க்கா. எக்ஸ்சேஞ்சுல மூவாயிரம் தர்றேன், மீதியைத் தவணையில கட்டிக்குங்க" என்றான். "எந்தப் பார்ட் போயிருக்கு தம்பி?" என்று கேட்டேன். பதில் இல்லை. லேப்டாப்பைப் பையில் போட்டுக் கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

எதிர்வீட்டு அக்காவின் மகள் கம்ப்யூட்டர் படித்தவள். அவள்தான் ஒரு வழி காட்டினாள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பட்டன்களையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' என்று ஒரு பக்கம் வரும். அதில் 'டிஸ்க்' என்ற இடத்தில் நூறு சதவீதம் என்று சிவந்து நின்றது. 'மெமரி' தொண்ணூறைத் தாண்டியிருந்தது. "பாருங்க ஆன்ட்டி, மூளை நல்லாத்தான் இருக்கு. மூச்சுதான் வாங்குது" என்றாள்.

பழைய லேப்டாப்களில் இருப்பது ஹார்டு டிஸ்க். உள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும். கிராமபோன் மாதிரி ஒரு கை நகர்ந்து நகர்ந்து தேடி எடுக்கும். அதற்குப் பதில் எஸ்.எஸ்.டி. என்று ஒன்று இருக்கிறது. சுற்றும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை. கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும். பெரும்பாலான பழைய லேப்டாப்களில் ஹார்டு டிஸ்க் இருந்த அதே இடத்தில் இதைப் பொருத்திவிடலாம். ராம் என்பது சமையல் மேடை மாதிரி. மேடை சின்னதாக இருந்தால் ஒவ்வொரு பாத்திரத்தையும் எடுத்து எடுத்து அலமாரியில் வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். என்னுடையதில் 4 ஜி.பி. மேடைதான் இருந்தது.

2023 மே மாதம், ஒரு சின்ன ரிப்பேர் கடையில் என் கண் முன்னால் திறந்து செய்து கொடுத்தார்கள். 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. 1,700 ரூபாய், 8 ஜி.பி. ராம் 1,800, பேட்டரி 2,200, ஃபேனில் தூசு எடுத்துப் பேஸ்ட் போட 400, கூலி 500. ஆக மொத்தம் 6,600 ரூபாய். என் ஒரு மாத வருமானம் கூட இல்லை! அரை நிமிடத்தில் திரை வந்தது. என் கணவர் பார்த்துவிட்டு, "இதுக்கா நாப்பதாயிரம் கேட்டாங்க!" என்றார்.

(ஒன்று சொல்லிவிடுகிறேன். 2025 கடைசியிலிருந்து ராம், எஸ்.எஸ்.டி. விலை ரொம்பவே ஏறியது. செயற்கை நுண்ணறிவு வேலைக்கு என்று பெரிய கம்பெனிகள் மொத்தமாக வாங்கிக் குவித்ததுதான் காரணம். அதனால் நான் கொடுத்த விலையை வைத்துக் கணக்குப் போடாமல், அன்றைய விலையைக் கேட்டுக் கொள்ளுங்கள்.)

ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை:

* படங்கள், கணக்குகள், சான்றிதழ் நகல்கள் எல்லாவற்றையும் முதலில் பென் டிரைவிலோ வேறு டிஸ்க்கிலோ எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். கடையில் 'டேட்டாவுக்கு நாங்க பொறுப்பு இல்லை' என்று ரசீதிலேயே போட்டுவிடுகிறார்கள்.

* ராமில் டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4 என்று வகை உண்டு. ஒன்று இன்னொன்றின் இடத்தில் பொருந்தாது. சில மெல்லிய லேப்டாப்களில் ராமை போர்டிலேயே பற்ற வைத்திருப்பார்கள். அதை மாற்றவே முடியாது. திறந்து பார்த்த பிறகு சாமான் வாங்குங்கள்.

* கழற்றிய பழைய ஹார்டு டிஸ்க்கைக் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள். அது உங்கள் சொத்து. சில நூறு ரூபாய்க்கு ஒரு உறை வாங்கி அதில் போட்டால், யு.எஸ்.பி. வழியாக இணைத்துப் படங்கள் சேமிக்கும் பெட்டியாகிவிடும். எங்கள் வீட்டுக் கல்யாணப் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

* பேட்டரி உப்பியிருந்தால் விளையாட வேண்டாம். மவுஸ் பலகை மேலே தூக்கிக் கொண்டிருக்கும், மூடி சரியாக மூடாது. அழுத்தக் கூடாது, குத்தக் கூடாது, சார்ஜ் போடவே கூடாது. தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. உடனே கடைக்காரரிடம் காட்டுங்கள். குப்பைத் தொட்டியில் போடாமல், மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள்.

சரி, எப்போது நிறுத்துவது? எஸ்.எஸ்.டி., ராம், பேட்டரி, கீ-போர்டு, சார்ஜர் பின் இவையெல்லாம் மாற்றத் தகுந்தவை. மதர்போர்டு போய்விட்டது, அல்லது திரையும் ஹின்ஜும் சேர்ந்து உடைந்துவிட்டது என்றால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிக்க வேண்டும். ரிப்பேர் செலவு புதுசு விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் கை வைப்பதில்லை என்று நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. எந்திரம் நன்றாக ஓடினாலும் உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு வயதாகிவிடும். விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நின்றன. வீட்டு உபயோகத்துக்குப் பதிவு செய்து கொண்டவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் அவகாசம் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறை பிராசஸராவது இருக்க வேண்டும், 'டி.பி.எம். 2.0' என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். என்னுடையது ஏழாம் தலைமுறை. உங்களுடையது என்ன என்று தெரிய, செட்டிங்ஸில் 'சிஸ்டம்', அதில் 'அபௌட்' போய்ப் பாருங்கள். ஐ3-7100 என்பது போல் இருந்தால், கோட்டுக்கு அடுத்துள்ள 7-தான் தலைமுறை.

ஊரார் கணக்கும், வங்கி வேலையும் என் கையில் இருக்கிறது. பாதுகாப்பு இல்லாத எந்திரத்தில் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. 2025 நவம்பரில் புது லேப்டாப் வாங்கினேன். எப்படி என்று கேட்கிறீர்களா? ரிப்பேர் செய்த அடுத்த மாதத்திலிருந்தே மாதம் 1,500 ரூபாய் தனியாகப் போட்டு வந்தேன். 30 மாதத்தில் 45,000 சேர்ந்தது. 42,000 ரூபாயை மொத்தமாகக் கொடுத்து வாங்கினேன். தவணையும் இல்லை, வட்டியும் இல்லை.

கொஞ்சம் கணக்குப் பாருங்கள் தோழிகளே. 6,600 ரூபாய் செலவில் எனக்கு இரண்டரை வருட அவகாசம் கிடைத்தது. அந்த 30 மாதத்தில் நான் சம்பாதித்தது 2,70,000 ரூபாய். வேலையை விட்டிருந்தால் இந்தப் பணமும் இல்லை, புது லேப்டாப்பும் இல்லை.

பழையதை விற்கவில்லை. எதிர்வீட்டுப் பெண்ணே 'லினக்ஸ் மின்ட்' என்ற இலவச மென்பொருளைப் போட்டுக் கொடுத்தாள். அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருகின்றன. என் கணக்கு மென்பொருள் அதில் ஓடாது. ஆனால், கட்டுரை எழுத, பாடம் பார்க்கத் தாராளமாகப் போதும். இப்போது என் பெண் அதில்தான் படிக்கிறாள். "அம்மா, இனிமே உன் மெஷினுக்கு நான் காத்துக்கிட்டு இருக்க வேண்டாம்" என்கிறாள்.

பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பவர்கள், முக்கியமாகப் பெண்கள், ஒன்றை மறக்கக் கூடாது. படங்களை 'டெலீட்' செய்தால் அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. புத்தகத்தில் பொருளடக்கத்தைக் கிழித்த மாதிரிதான். பக்கங்கள் உள்ளே அப்படியே இருக்கும், தெரிந்தவர்கள் எடுத்துவிடுவார்கள். குடும்பப் படங்கள், ஆதார் நகல், பாஸ்புக் நகல் எல்லாம் அதில்தானே இருக்கிறது? விண்டோஸில் 'ரீசெட்' செய்யும்போது 'எல்லாவற்றையும் நீக்கு' என்பதோடு, 'டேட்டாவைச் சுத்தம் செய்' என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக் கொண்டு மீதியைக் கொடுங்கள். நூறு, இருநூறு குறைந்தாலும் பரவாயில்லை.

2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்கள் எத்தனையோ வீடுகளில் பரண் மேல் கிடக்கின்றன. அவற்றையும் ஒரு நாள் இறக்கிப் பாருங்கள். பேட்டரி உப்பியிருக்கிறதா, உள்ளே பிள்ளைகளின் படங்கள் இருக்கின்றனவா என்றாவது பார்த்துவிடலாம்.

யாராவது 'இது பழசாயிடுச்சு, தூக்கிப் போடுங்க' என்றால், 'எந்தப் பாகம்?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். திறந்து காட்டிப் பதில் சொல்கிறவரிடம் மட்டும் உங்கள் பணத்தைக் கொடுங்கள்.

— ஒரு வாசகி, கும்பகோணம்.