காட்டில் சாம்பல்... காகிதத்தில் செம்பழுப்பு!

கோபிநத்தம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது வீரப்பன் பிறந்த ஊர் என்பதுதான். கொள்ளேகால் தாலுகாவோடு சேர்ந்து கோவை மாவட்டத்தில் இருந்த இந்தத் தமிழ்க் கிராமம், 1956-ல் மைசூர் ராஜ்யத்துக்கு வந்தது. 1997-ல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் பிரிந்தபோது அதனுடன் போயிற்று. வீரப்பன் காலம் 2004-ல் முடிந்தது. இப்போது காட்டைப் பார்க்கவும் படம் பிடிக்கவும் ஆட்கள் வருகிறார்கள்.

ஊரைச் சுற்றியிருப்பது காவிரி வனவிலங்குச் சரணாலயம். அங்குள்ள அரிய பிராணிகளில் ஒன்று சாம்பல் நிற மலை அணில். காவிரிக் கரை மருத மரங்களின் உச்சியில் கூடு கட்டும். தமிழ்நாட்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் காட்டில் இதற்கென்றே 1988-ல் ஒரு சரணாலயம் அமைத்தார்கள் என்றால் இதன் மதிப்பு புரியும்.

இதற்கு உறவுக்கார அணில் ஒன்று உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் பெரிய மலை அணில். உருவத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்று. முதலாவது நரை கலந்த பழுப்பு. மற்றது செம்பழுப்பும் கறுப்பும். எது எது என்று சொல்ல நிறம்தான் பெரிய அடையாளம். அந்த நிறமே படத்தில் மாறிவிட்டால்?

மாறத்தான் செய்கிறது. காமிராவின் சின்னத் திரையில் சாம்பலாக இருந்த அணில், கம்ப்யூட்டரில் கொஞ்சம் சிவக்கிறது. லாபிலிருந்து பிரிண்ட் வரும்போது இன்னொரு நிறம். காமிராக்காரர் கம்ப்யூட்டரைத் திட்டுவார், கம்ப்யூட்டர்க்காரர் லாபைத் திட்டுவார். மூவரிடமும் குற்றம் இல்லாமலே இது நடக்கக்கூடும் என்பதுதான் வேடிக்கை.

பத்து ரூபாயா, பத்து டாலரா?

கம்ப்யூட்டருக்கு நிறம் தெரியாது, எண்தான் தெரியும். சிவப்பு இத்தனை, பச்சை இத்தனை, நீலம் இத்தனை என்று புள்ளிக்கு மூன்று எண்கள். ஆனால் ‘10’ என்று மட்டும் எழுதினால் அது ரூபாயா, டாலரா? அதைச் சொல்லும் சீட்டுக்குத்தான் ‘கலர் புரொஃபைல்’ என்று பெயர். 1996-ல் எச்.பி., மைக்ரோசாஃப்ட் கம்பெனிகள் சேர்ந்து வகுத்த எஸ்.ஆர்.ஜி.பி. ஒரு நாணயம், 1998-ல் வந்த அடோபி ஆர்.ஜி.பி. இன்னொன்று. பின்னதில் அடங்கும் நிறங்கள் அதிகம், குறிப்பாகப் பச்சை.

எஸ்.ஆர்.ஜி.பி. படத்துக்குத் தவறுதலாக அடோபி சீட்டை ஒட்டினால் நிறங்கள் தடித்துவிடும். நரைப் பழுப்பு, செம்பழுப்பை நோக்கி நகரும். மாற்றி ஒட்டினாலோ படம் சோகை பிடித்ததுபோல் வெளுக்கும்.

போட்டோஷாப்பில் ‘அசைன் புரொஃபைல்’, ‘கன்வர்ட் டு புரொஃபைல்’ என்று அடுத்தடுத்து இரண்டு கட்டளைகள் இருக்கின்றன. பெயரைப் பார்த்தால் ஒன்றுபோல் தோன்றும். முதலாவது, எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு ரூபாயை டாலர் என்று திருத்தி எழுதுவது. இரண்டாவது, அன்றைய விலைக்குக் கணக்குப் போட்டு முறையாக மாற்றுவது. லாபுக்கு அனுப்பும் முன் வேண்டியது பெரும்பாலும் இரண்டாவதே. காசு கேட்காத ‘கிம்ப்’ மென்பொருளிலும் இந்த இரண்டும் உண்டு.

உதகையில் தயாரான ‘இந்து’ கறுப்பு வெள்ளைப் பிலிமில் படம் எடுத்த தலைமுறைக்கு இந்தத் தலைவலி எல்லாம் கிடையாது!

சீட்டு சரியாக இருந்தும் நிறம் தவறினால், குற்றம் படம் எடுத்த இடத்திலேயே இருக்கலாம். இலை நிழலில் எடுத்த படத்தில் பச்சை ஏறும். மாலை வெயிலில் மஞ்சள் ஏறும். காமிரா தானாகத் திருத்தும்போது படத்துக்குப் படம் ஒவ்வொரு விதமாகத் திருத்துகிறது. அதே வெளிச்சத்தில் ஒரு சாம்பல் அட்டையை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால், பிறகு அந்த அட்டையைச் சாம்பலாக்கும் திருத்தத்தையே அங்கே எடுத்த மற்றப் படங்களுக்கும் கொடுக்கலாம். ‘ரா’ கோப்பாக எடுத்திருந்தால் இது சுலபம்.

ஒரே புடவை, இரண்டு நிறம்

இரண்டு அணில்களின் படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட, ஒரு வெற்றுக் கான்வாஸைத் திறந்து இரண்டையும் ஒட்டுவார்கள். ஒரு கான்வாஸுக்கு ஒரு புரொஃபைல்தான். ஒட்டவரும் படத்தின் சீட்டு வேறாக இருந்து, அதை மாற்றாமல் ஒட்டினால் நிறம் தப்பும். ‘கலர் செட்டிங்ஸ்’ பகுதியில், ஒட்டும்போது கேட்கச் சொல்லும் கட்டத்தில் டிக் போட்டுவிட்டால் மென்பொருளே எச்சரிக்கும். எரிச்சலாக இருக்கிறது என்று பலர் அதை எடுத்துவிடுகிறார்கள். கல்யாண ஆல்பத்தின் ஒரே பக்கத்தில் ஒரே கூறைப் புடவை இரண்டு நிறத்தில் தெரிவதற்கு, இரண்டு காமிராக்களின் படங்களை இப்படிக் கலப்பதும் ஒரு காரணம். போதாததற்கு மணப்பெண் முகத்தை வெளுக்கிறேன் என்று முழுப் படத்தையும் வெளுத்து, பட்டையும் சேர்த்துச் சாயம் போக்கும் கைவேலை வேறு!

கான்வாஸின் பின்னணி நிறமும் கண்ணை ஏமாற்றும். காட்டுப் படம்தானே என்று இலைப் பச்சைப் பின்னணி வைத்தால், நடுவில் இருக்கும் சாம்பல் சற்றுச் சிவந்து தெரியும். எண் மாறவில்லை, மாறியது நம் பார்வை. நடுத்தரச் சாம்பல் பின்னணியே உத்தமம்.

அளவையும் ஆரம்பத்திலேயே தீர்மானிக்க வேண்டும். 12க்கு 36 அங்குல ஆல்பத் தாளுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 3,600க்கு 10,800 புள்ளிகள் வேண்டும். அதையே 72 என்று விட்டுவிட்டால் கிடைப்பது 864க்கு 2,592 மட்டும். நல்ல படத்தை அதில் அடங்கும்படி சுருக்கிச் சேமித்துவிட்டு, பிறகு 300 ஆக்கினால் போன விவரம் திரும்பாது.

ஒரு எச்சரிக்கை. செல்போன் படம் 4க்கு 3 என்ற விகிதத்தில் இருக்கும். அதை 6க்கு 4 அங்குலத் தாளில் நிரப்பினால் மேலும் கீழுமாக அரை அங்குலம் வெட்டுப்படும். கிளையில் உட்கார்ந்து வாலைத் தொங்கவிட்டிருக்கும் அணிலுக்கு அந்த அரை அங்குலத்தில்தான் வால் இருக்கும். 1,800க்கு 1,200 புள்ளியில் ஒரு கான்வாஸ் திறந்து, படத்தை முழுதாக அதற்குள் அடக்கி அனுப்பினால் போதும். இருபுறமும் மூன்றில் ஒரு அங்குலம் வெள்ளை விழும், வால் தப்பும்.