எக்ஸ்ரேயில் “நிழல்”! 20 நாள் பரணில் ஒளித்து வைத்த தொழிலாளி

“இத்தனை நாள் எங்கய்யா போயிருந்தே?” டாக்டர் ஆத்திரம்

சென்னை, பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு குடும்பத்தின் தூக்கத்தைக் கெடுத்தது ஒரே ஒரு வரி. “வலது நுரையீரலின் மேல் பகுதியில் நிழல் தெரிகிறது” என்று ஆங்கிலத்தில் எழுதிய எக்ஸ்ரே ரிப்போர்ட்தான் அது!

அவர் மூட்டை தூக்கும் தொழிலாளி. வயது 52. ஒரு மாதமாக விடாத இருமல். சாயங்காலம் ஆனால் காய்ச்சல். தெருமுனை டாக்டர் எழுதிக் கொடுக்க, எக்ஸ்ரே எடுத்தார். பெரிய கவரில் படமும் காகிதமும் வந்தன.

காகிதத்தில் “ஒபாசிட்டி” என்று இருந்தது. பக்கத்து வீட்டுப் பையன் செல்போனில் தட்டிப் பார்த்தான். “மாமா, கேன்சராக்கூட இருக்கலாம்னு போட்டிருக்கு!”

அவ்வளவுதான். கவர் பரணுக்குப் போனது. டாக்டர் பக்கமே அவர் தலை காட்டவில்லை. மனைவி கேட்டதற்கு, “ஒண்ணுமில்லே, சளியாம்” என்று சொல்லி விட்டார். இப்படி 20 நாள்! ஒரே அறை வீடு. அதே அறையில்தான் 3 வயதுப் பேரனும் படுக்கிறான்.

சளியில் ரத்தம் வந்த அன்று குட்டு உடைந்தது. பரணில் இருந்து கவரை எடுத்த மனைவி, புருஷனை அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர் சத்தம் போட்டார். சளியைச் சோதனைக்கு அனுப்பினார். கருவியில் வைத்த 2 மணி நேரத்தில் முடிவு தெரிந்தது.

கேன்சர் அல்ல. காசநோய்!

நிழல் என்றால் என்ன?

எக்ஸ்ரேயில் காற்று கருப்பு, எலும்பு வெள்ளை. காற்று இருக்க வேண்டிய இடம் வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான் “ஒபாசிட்டி”. அது நிமோனியாவாக இருக்கலாம். காசநோய், பழைய தழும்பு, கட்டி, எதுவாகவும் இருக்கலாம். கழுத்துத் தாயத்தும், பின்னிய ஜடையும் கூட நிழலாக விழும். எக்ஸ்ரே அறையில் நகையைக் கழற்று, ஜடையைத் தூக்கிக் கட்டு என்று விரட்டுவது அதனால்தான்.

“பைப்ரோசிஸ்”, “கால்சிபிகேஷன்” என்றால் பெரும்பாலும் ஆறிப் போன பழைய வடு. “கார்டியோமெகாலி” என்றால் இதயம் பெரிதாகத் தெரிகிறது என்று பொருள். படுக்க வைத்து எடுத்த படத்தில் நல்ல இதயமே பெரிதாகத் தெரியும்! ஆனால் “எப்யூஷன்” என்று இருந்தால் தள்ளிப் போடக் கூடாது. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம்.

“கிளினிக்கல் கோரிலேஷன்” என்று கடைசியில் ஒரு வரி இருக்கும். பலர் இதையும் ஒரு வியாதி என்று நினைத்துக் கொள்கிறார்கள். ரிப்போர்ட் எழுதியவர் படத்தைத்தான் பார்த்தார், ஆளைப் பார்க்கவில்லை. ஆளைப் பார்க்கிற டாக்டர் முடிவு செய்யட்டும் என்பதே அதன் பொருள். பழைய எக்ஸ்ரே வீட்டில் இருந்தால் அதையும் எடுத்துப் போக வேண்டும். நிழல் வளர்ந்ததா, அப்படியே இருக்கிறதா என்பதை அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். பீடி, சிகரெட் பிடிப்பவர் என்றால் சந்தேகம் அதிகம். ஸ்கேன், சதைச் சோதனை வரை போவார்கள்.

பேரனுக்கும் மருந்து

தொழிலாளிக்கு 6 மாத மாத்திரை. காசு கிடையாது. சத்துணவுக்காக மாதம் ரூ.1,000 வங்கிக் கணக்கில் போடுகிறார்கள். 2024 நவம்பருக்கு முன் இது ரூ.500 ஆக இருந்தது. ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடக்கவும் வேண்டாம். வீட்டில் இருந்தபடி மாத்திரை சாப்பிட்டாலே குணமாகும் என்று உலகத்துக்குக் காட்டியதே நம் சென்னைதான்! 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் செய்த வேலை அது.

வீட்டில் எல்லோரையும் சோதித்தார்கள். பேரனுக்கு நோய் இல்லை. ஆனாலும், வராமல் தடுக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

“கேன்சர்னு நெனச்சு, புள்ளைக்கு இதைக் கொடுக்கப் பார்த்தாரே இந்த மனுஷன்!” என்று மனைவி இன்னும் திட்டித் தீர்க்கிறார். தொழிலாளி வாயே திறப்பதில்லை. இருமல் நின்று விட்டது.

மாத்திரையைக் கண்டால் பேரன் கட்டிலுக்கு அடியில் ஓடுகிறான். தாத்தா முதலில் விழுங்கிக் காட்ட வேண்டும், அப்புறம்தான் அவன் வாய் திறப்பானாம்.