கொல்லைப்புறத்தில் ஓர் உலை

தச்சருக்கு உளி வேண்டுமென்றால் கொல்லரிடம் போக வேண்டும். கல் தச்சருக்கும் அப்படித்தான். உழவருக்குக் கொழு, தோல் தைப்பவருக்குக் குத்தூசி, கொத்தனாருக்குக் கரண்டி என எல்லாமே கொல்லுப்பட்டறையில் பிறந்தவை. கொல்லர் மட்டும் யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை. தனக்கு வேண்டிய குறடு, உளி, துளைக்கோல் ஆகியவற்றைத் தன் உலையிலேயே காய்ச்சி அடித்துக்கொள்வார். தன் கருவியைத் தானே செய்துகொள்ளும் இந்தச் சுதந்திரம் இன்று உலகின் பல நாடுகளில் வேறு வேலை பார்க்கும் மனிதர்களையும் ஈர்த்திருக்கிறது. ஆசிரியர்களும் பொறியாளர்களும் ஓய்வுபெற்ற அலுவலர்களும் விடுமுறை நாளில் கார் ஷெட்டிலோ கொல்லைப்புறத்திலோ உலை மூட்டுகிறார்கள். கொக்கி, ஆணி, தாழ்ப்பாள், பாட்டில் திறப்பான், உளி, கத்தி என்று சின்னச் சின்னப் பொருள்களைச் செய்து பார்க்கிறார்கள். பிழைப்புக்காக அல்லாமல், பிரியத்துக்காகச் சுத்தியல் பிடிப்பவர்கள் இவர்கள்.

அணைந்த உலை மீண்டும் மூண்டது

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஊருக்கு ஓர் உலையாவது இருந்தது. குதிரையின் இடத்துக்கு மோட்டார் வண்டி வந்தது. ஆணியும் கீலும் தொழிற்சாலையிலிருந்து மலிவாக வந்து குவிந்தன. உடைந்ததை ஒட்ட வெல்டிங் வந்தது. 1960களில் அந்த நாடுகளின் கிராமத்துப் பட்டறைகள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன. தெரிந்தவர்கள் முதியவர்களாகிவிட்டார்கள், அவர்களிடம் கற்க ஆளில்லை.

அந்த நிலையில் அட்லான்டாவைச் சேர்ந்த அலெக்ஸ் பீலர், பழைய கொல்லர்களின் செய்முறைகளைத் தொகுத்து 1969-இல் ஒரு நூல் வெளியிட்டார். 1973-இல் ஜார்ஜியா மாநிலத்தில் கூடிய ஒரு சிறு குழு, வட அமெரிக்கக் கலைக்கொல்லர் சங்கத்தைத் தொடங்கியது. 1978-இல் பிரிட்டனிலும் அதுபோன்ற சங்கம் உருவானது. வட கரோலினாவின் பிராஸ்டவுன் கிராமத்தில் 1925-இல் தொடங்கிய ஜான் சி. கேம்பெல் நாட்டுப்புறப் பள்ளியில் இன்றும் கொல்லுவேலை வகுப்புகள் நடக்கின்றன.

இந்த மறுமலர்ச்சியில் மறக்கக்கூடாத பெயர் பிரான்சிஸ் விட்டேக்கர். 1906-இல் பிறந்த அவர் இளமையில் பிலடெல்பியாவில் சாமுவேல் யெலினின் பட்டறையிலும், பின்னர் பெர்லினில் யூலியுஸ் ஷ்ராமிடமும் தொழில் பயின்றார். முதுமையிலும் கொலராடோவில் இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டே இருந்தார். மரபுக் கலைஞர்களுக்கு அமெரிக்க அரசு வழங்கும் தேசிய மரபுரிமை விருது 1997-இல் அவருக்குக் கிடைத்தது. 1999-இல் அவர் இறந்தபோது அவரிடம் கற்றவர்கள் பல மாநிலங்களில் உலை வைத்திருந்தார்கள்.

வட்டாரச் சங்கங்களின் கூட்டங்களில் அழகான வழக்கம் ஒன்று உண்டு. ஒருவர் உலையருகே நின்று ஒரு பொருளைச் செய்து காட்டுவார், மற்றவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். வந்தவர்கள் தாங்கள் அடித்த பொருளோ உபரிக் கருவியோ ஒன்றைக் கொண்டுவந்து வைப்பார்கள். சீட்டுக் குலுக்கி அவற்றைப் பங்கிட்டுக்கொள்வார்கள். சீட்டுப் பணம் சங்கச் செலவுக்குப் போகும்.

வீட்டுக்கு எவ்வளவு போதும்?

உலை என்றதும் பெரிய கூடமும் தோல் துருத்தியும் நினைவுக்கு வரும். வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம். காயலான் கடையில் கிடைக்கும் பழைய லாரியின் பிரேக் டிரம் ஒன்றை எடுத்து, அடியில் குழாய் பொருத்தி, அதன் வாயில் சிறிய காற்றூதியை வைத்தால் கரி உலை தயார். அடுப்புக்கரியும் நிலக்கரியும் அதில் எரியும். கரி வாங்கிச் சேர்த்துவைக்க இடமில்லாதவர்கள் எரிவாயு உலை வைக்கிறார்கள். வெப்பம் தாங்கும் பஞ்சும் பூச்சும் உள்ளே பூசிய உருளை அது. கரி உலையில் நெருப்பைக் கூட்டிக் குறைத்து ஒரு நுனியை மட்டும் காய்ச்சலாம். எரிவாயு உலையில் சூடு சீராக இருக்கும், புகை குறைவு.

அடுத்தது பட்டடை. கொம்பும் சதுரத் துளையும் உள்ள முறையான பட்டடை விலை அதிகம். தொடங்குபவர்கள் கனமான எஃகுக் கட்டியையோ, மரக்கட்டையில் பதித்த பெரிய சம்மட்டித் தலையையோ வைத்துக்கொள்கிறார்கள். மேலை நாடுகளில் தண்டவாளத் துண்டு பரவலாகப் பயன்படுகிறது. நம் நாட்டில் ரயில்வே சொத்தை முறையின்றி வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதால் அந்த ஆசையை விட்டுவிடுவது நல்லது. பட்டடையின் அகலத்தைவிட, சுத்தியல் விழும் இடத்துக்கு நேர் கீழே எவ்வளவு இரும்பு இருக்கிறது என்பதே முக்கியம். கனம் குறைந்தால் அடியின் வலு தரையை ஆட்டுவதில் வீணாகும்; கனம் இருந்தால் அது காய்ந்த இரும்பின் உருவத்தை மாற்றும்.

ஒரு கிலோ எடையுள்ள சுத்தியல் போதும். பழகாத கைக்கு அதற்கு மேல் கனமானால் குறி தவறும், மணிக்கட்டு வலிக்கும். குறடு வாங்கக் காசில்லை என்றாலும் கவலையில்லை. நீளமான கம்பியின் மறுமுனையைக் கையால் பிடித்துக்கொண்டே நுனியில் வேலை செய்யலாம். நீளக் கம்பியில் பழகி, சில வாரத்தில் தன் முதல் குறட்டைத் தானே அடித்துக்கொள்வது இந்தப் பொழுதுபோக்கில் ஒரு தீட்சை.

முதல் பாடமாகப் பலரும் எடுத்துக்கொள்வது ஆணி. நுனியை நீட்டுதல், வெட்டுதல், தலையைத் தட்டிப் பரப்புதல் என மூன்று அடிப்படைகளும் அதில் இருக்கின்றன. சாதாரணக் கொல்லர் ஆணி அடிக்க உட்கார்ந்தால் ஒரு நாளைக்கு 200, 300 தேறும் என்றும், அதையே தொழிலாகக் கொண்ட இருபது வயதுக்குட்பட்ட பையன்கள் 2,300-க்கு மேல் அடித்ததைக் கண்டதாகவும் 1776-இல் ஆடம் ஸ்மித் எழுதியிருக்கிறார். சுத்தியலும் உலையும் ஒன்றுதான். பழக்கம் பத்து மடங்கு வேறுபாட்டைத் தந்துவிடுகிறது.

நிறம் சொல்லும் சூடு

கொல்லரின் வெப்பமானி அவர் கண். திடப்பொருள் எதுவானாலும் ஏறக்குறைய 525 டிகிரி செல்சியஸில் கண்ணுக்குத் தெரியும்படி ஒளிரத் தொடங்கும் என்பதை 1847-இல் ஜான் வில்லியம் டிரேப்பர் என்ற அறிஞர் நிறுவினார். அங்கிருந்து சூடு ஏற ஏற மங்கிய சிவப்பு, பழச் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று நிறம் மாறும். பழச் சிவப்பு 750 டிகிரியை ஒட்டி வரும். மஞ்சள் 1,100 டிகிரிப் பக்கம். வெண்மையை நெருங்கிப் பொறி பறந்தால் எஃகு எரிகிறது என்று பொருள். எரிந்த பகுதியை வெட்டி எறிவதைத் தவிர வேறு வழியில்லை.

கொல்லுப்பட்டறைகள் இருட்டாக இருப்பதன் காரணமும் இதுதான். வெயிலில் ஆரஞ்சு நிறம் மங்கிய சிவப்பாகத் தெரியும். ஏமாந்து மேலும் காய்ச்சிவிடுவோம். வீட்டில் உலை வைப்பவர் முதலில் தேட வேண்டியது நிழலான, காற்றோட்டமுள்ள ஓர் இடம்.

ஸ்பிரிங் உளியாகிறது

எந்தக் கம்பியும் உளியாகிவிடாது. கட்டடக் கம்பியில் கரிமம் குறைவு. டிஎம்டி கம்பியின் வெளிப்புற வலிமை ஆலையில் தண்ணீர் பீய்ச்சிக் குளிர்வித்ததால் வந்தது. உலையில் வைத்ததும் அது போய்விடும். கொக்கிக்கு அது போதும், வெட்டும் கருவிக்கு ஆகாது. உளிக்குக் கார் ஸ்பிரிங்கோ லாரிப் பட்டையோ வேண்டும். அவற்றில் கரிமம் 0.5 முதல் 0.65 சதவீதம் வரை இருக்கும்.

பழைய ஸ்பிரிங்கிலிருந்து ஒரு வளைவை வெட்டியெடுத்து, ஆரஞ்சு நிறத்துக்குக் காய்ச்சி நிமிர்த்த வேண்டும். பிறகு நுனியில் இரு பக்கமும் மாற்றி மாற்றி அடித்தால் அது தட்டையாகிச் சரியும். தட்டையாகும்போது பக்கவாட்டில் பிதுங்கும். உடனே கால் திருப்பு திருப்பி அந்த விளிம்பையும் தட்டி உள்ளே தள்ள வேண்டும். சிவப்பு மங்கியதும் அடியை நிறுத்தி, இரும்பை உலைக்குத் திருப்ப வேண்டும். சூடு இறங்கிய பிறகும் அடிப்பவர்கள் கண்ணுக்குத் தெரியாத விரிசலைத் தங்கள் உளிக்குள் விதைக்கிறார்கள்.

உருவம் வந்ததும் மூன்று முறை சிவக்கக் காய்ச்சிக் காற்றில் ஆறவிடுவார்கள். அதிகச் சூட்டில் பெருத்துப்போன எஃகின் மணிகள் இதனால் பொடியாகிச் சீராகும். அடுத்ததுதான் தோய்ச்சல். வெட்டு முனையைக் காய்ச்சிக்கொண்டே, கம்பியில் கட்டித் தொங்கவிட்ட காந்தத்தில் தொட்டுப் பார்ப்பார்கள். 770 டிகிரியில் இரும்பு காந்தத்தால் ஈர்க்கப்படும் தன்மையை இழக்கும். காந்தம் ஒட்டாமல் போனதும் இன்னும் சற்றே பிரகாசமாகக் காய்ச்சி, வெதுவெதுப்பான எண்ணெயில் நேராக இறக்குவார்கள். ஸ்பிரிங் எஃகைத் தண்ணீரில் தோய்த்தால் குளிர்ச்சியின் வேகத்தில் வெடிக்க வாய்ப்புண்டு.

அந்த ஒரு நொடியில் உள்ளே நடப்பது வியப்பானது. சாதாரண வெப்பத்தில் இரும்பணுக்களின் அடுக்கில் கரிமத்துக்கு ஏறக்குறைய இடமே இல்லை. 727 டிகிரிக்கு மேல் அடுக்கு மாறத் தொடங்கும். புதிய அடுக்கில் கரிமம் தாராளமாகக் கரையும். மெதுவாக ஆறினால் கரிமம் வெளியேறித் தனி அடுக்காகப் படியும், எஃகு மெத்தென்று இருக்கும். சட்டென்று குளிர்ந்தால் வெளியேற நேரமில்லாமல் அணுக்களுக்கிடையே சிக்கிக்கொள்ளும். விறைத்துப்போன அந்த அடுக்குக்கு அடோல்ஃப் மார்ட்டென்ஸ் என்ற ஜெர்மானியரின் நினைவாக மார்ட்டென்சைட் என்று பெயர். அரத்தால் ராவினால் அரம் வழுக்கும், அவ்வளவு கடினம். ஆனால் கீழே விழுந்தால் உடையும்.

உடையாமல் இருக்கப் பதம் கொடுக்க வேண்டும். முனையைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, உளியின் நடுப்பகுதியை மெல்லச் சூடாக்கினால் முனை நோக்கி வண்ணங்கள் ஊர்ந்து வரும். 220 டிகிரியை ஒட்டி வைக்கோல் மஞ்சள், 250-இல் பழுப்பு, 280-இல் ஊதா, 300-இல் நீலம். எஃகின் மேல் படியும் மிக மெல்லிய ஆக்சைடு படலம் தடிக்கத் தடிக்க, அதன் மேலும் கீழும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று குறுக்கிட்டு இந்த வண்ணங்களைத் தருகிறது. மழைத்தண்ணீரில் சிந்திய எண்ணெய் காட்டும் வானவில்லும் இதே காரணத்தால்தான். மரம் செதுக்கும் உளிக்கு மஞ்சளில் நிறுத்தலாம். இரும்பு வெட்டும் உளிக்கு ஊதா முனையைத் தொட்டதும் தண்ணீரில் அமிழ்த்திவிடுவார்கள். சுத்தியல் படும் தலைப்பகுதிக்குத் தோய்ச்சலே கிடையாது. அது மெத்தென்று இருந்தால்தான் சில்லு தெறிக்காது.

எச்சரிக்கை

கொல்லுப்பட்டறையில் சிவந்த இரும்பு யாரையும் ஏமாற்றாது. கருத்த இரும்புதான் சுடும். ஒளி மங்கிய பிறகும் அது 400 டிகிரியில் இருக்கலாம். கண்ணாடி அணியாமல் சுத்தியல் தூக்கக் கூடாது. உடை பருத்தியாக இருக்கட்டும்; செயற்கை இழை உருகித் தோலில் ஒட்டும். துத்தநாகம் பூசிய குழாயையும் தகட்டையும் உலையில் வைக்கவே கூடாது. துத்தநாகம் 907 டிகிரியில் ஆவியாகும். அந்தப் புகை நுரையீரலைத் தாக்கிக் காய்ச்சலில் தள்ளும். கரி எரியும் அறையில் கார்பன் மோனாக்சைடு சேரும் என்பதால் மூடிய அறையில் உலை கூடாது. எண்ணெய்ப் பாத்திரத்துக்கு உலோக மூடி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

ஆசான் இருக்கும்போதே

லாரிப் பட்டையைக் காய்ச்சி அரிவாள் அடிப்பது தமிழ்நாட்டுக் கொல்லர்களுக்குப் புதிதல்ல. அரிவாளுக்குப் பெயர்பெற்ற திருப்பாச்சேத்தியில் மட்டுமின்றி, சந்தை கூடும் பல ஊர்களிலும் அறுவடைக்கு முன் கதிர் அரிவாளுக்குக் கருக்கு வெட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள். மார்ட்டென்சைட் என்ற பெயரை அவர்கள் கேள்விப்பட்டிருக்க வேண்டியதில்லை. எந்தச் சிவப்பில் தோய்க்க வேண்டும், எந்த வண்ணத்தில் நிறுத்த வேண்டும் என்பது அவர்கள் கண்ணிலும் கையிலும் இருக்கிறது. டிராக்டர் வந்து கொழு அடிக்கும் வேலை போனபின், தொழிற்சாலைக் கருவிகளும் வந்து அவர்களின் எண்ணிக்கையைக் குறைத்துவருகின்றன.

மேலை நாட்டு ஆர்வலர்கள் ஏறக்குறைய மறைந்துபோன ஒரு கலையை நூல்களிலிருந்தும் எஞ்சிய சில முதியவர்களிடமிருந்தும் மீட்க வேண்டியிருந்தது. நமக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை. வீட்டில் உலை வைக்க ஆசைப்படும் இளைஞர் பிரேக் டிரம் வாங்கும் முன் பக்கத்து ஊர்ப் பட்டறைக்குப் போய், "அண்ணே, கொஞ்ச நேரம் நின்னு பார்க்கலாமா?" என்று கேட்கலாம். சம்மட்டி போட ஆள் தேடும் எத்தனையோ பட்டறைகள் உண்டு. கற்றுத்தருபவருக்கு உரிய கூலியைக் கொடுத்து, அவர் செய்யும் அரிவாளையும் அரிவாள்மனையையும் காசு கொடுத்து வாங்குவது கற்பவரின் கடமை. செய்முறை நூலில் கிடைத்துவிடும். பதம் ஆளிடம்தான் இருக்கிறது. அந்த ஆள் உலையருகே இருக்கும் காலத்திலேயே நாம் போய்ச் சேர வேண்டும்.